தட்டில் ஒரு காலிக் குழி

தையலக்காவுக்கு எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. வாசலில் பால் பாக்கெட் ஈரமாகக் கிடந்தால் "யார் இதைத் தண்ணியில போட்டது?" என்பாள். காய்ந்து கிடந்தால் "எவ்வளவு நேரமா வெளியில கிடக்குது?" என்பாள். பால்காரர் அவளைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிப்பார்.

வாரா வாரம் இந்தக் குடும்பத்தோடு நடந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. தையலக்காவுக்கு வீட்டு முன்னறையில் தையல் கடை. புருஷன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், கிறிஸ்தவச் சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் ஒருவர். கூடப் பிறந்த தம்பிதான் அந்தச் சபைக்குப் போதகர். ஆக, கோயிலில் ஒரு கதவு கிரீச்சிட்டால்கூட தையலக்கா காதில் விழாமல் போகாது.

அப்படிப்பட்டவள் கண்ணில் அந்தக் காலிக் குழி படாமல் இருக்குமா?

திருவிருந்து முடிந்ததும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவித் துடைத்து, மரத்தட்டின் குழிகளில் அடுக்கி வைப்பது அவள் பொறுப்பு. திராட்சை ரசம் நிரப்புவது பெண்கள், கழுவுவது பெண்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பது மட்டும் மூப்பர்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கேட்கிற தையலக்காகூடக் கேட்டதில்லை.

கொஞ்ச மாதங்களாகவே, திருவிருந்து ஞாயிறு தவறாமல் தட்டில் ஒரு குழி காலியாக இருந்தது. அடுத்த முறை கோயிலுக்கு வந்து பார்த்தால் கிண்ணம் திரும்பி வந்து சமத்தாக உட்கார்ந்திருக்கும். எடுப்பது யார் என்பதைப் போன தடவை தையலக்கா கண்டுபிடித்துவிட்டாள். வேறு யாருமில்லை, தம்பி பொண்டாட்டி. சபைக்கே போதகரம்மா!

எதற்கு என்பதுதான் தெரியவில்லை. இந்த ஞாயிறு கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அன்று காலைப் பிரசங்கம் ஆண்டவரின் கல்லறையைப் பற்றியது. விடியற்காலையில் நறுமணப் பொருள்களோடு போன பெண்கள், கல் புரண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னார்கள். கேட்ட ஆண்கள் அதைப் பிதற்றல் என்று தள்ளினார்கள். "உயிரோடு எழுந்தவர் தம்முடைய முதல் செய்தியை யாரிடம் கொடுத்து அனுப்பினார்? அன்றைக்கு எந்த மன்றத்திலும் சாட்சி சொல்லத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களிடம்!" என்று தம்பி குரலை உயர்த்தினார். மூப்பர்கள் வரிசையில் எல்லாத் தலைகளும் ஆடின. கண்ணாடிக்கடைக்காரர் தலை கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது.

தையலக்காவின் கவனம் பிரசங்கத்தில் இல்லை. தம்பி பொண்டாட்டியின் கைப்பையில் இருந்தது.

ஆராதனை முடிந்து கோயில் பின்கட்டில் இருவரும் கிண்ணம் கழுவினார்கள்.

"பை கனமா இருக்கும்போல. கீழே வையேன்."

"பரவாயில்ல அண்ணி."

"தண்ணி பட்டு நனைஞ்சிடப் போகுது."

"நனையாது அண்ணி."

தையலக்கா ஒரு துணியை உதறி மடித்தாள். மடித்ததை மறுபடி உதறினாள். "சாப்பிட வீட்டுக்குத்தானே வர்றே?"

"கொஞ்சம் வெளியே போகணும். பல் வலி. டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் கடையைத் திறந்து வெச்சிருக்கான்?"

போதகரம்மா சிரித்தாள். பல் வலிக்காரி சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. தையலக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு ஈரத்துணி பிழிந்தாள். திரும்பியபோது தட்டில் ஒரு குழி காலி, தம்பி பொண்டாட்டியும் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு தையலக்காவும் கிளம்பினாள்.

வழிநெடுக மனசு சும்மா இருக்குமா? வெளியே சொல்ல முடியாத வியாதி ஏதாவது இருக்குமோ, திருவிருந்து ரசத்தை மருந்துபோலக் குடிக்கிறாளோ? மருந்துக்கு ஒரு வாய் போதுமா? குடிப்பழக்கம் என்றால் அந்தச் சின்னக் கிண்ணம் நாக்கை நனைக்கக்கூடக் காணாது. குறி சொல்கிறவள் யாராவது கேட்டாளோ? கடைசியாக வந்த எண்ணம்தான் தையலக்காவை நடுத்தெருவில் நிறுத்தியது. வேறு ஆம்பளையோ? தம்பி முகம் கண்முன் வந்தது. அந்த அப்பாவிக்குச் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதே மத்தியானம்தான் தெரியும்.

போதகரம்மா சலவைக் கடையைத் தாண்டினாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கவில்லை. டயர் கடைக்குப் பக்கத்திலிருந்த இருட்டுப் படிக்கட்டில், பையை நெஞ்சோடு அணைத்தபடி, சிந்தாமல் கொள்ளாமல் ஏறினாள். பழக்கப்பட்ட ஏற்றம் என்று பார்த்தாலே தெரிந்தது.

தையலக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். மேலே ஒருக்களித்த கதவு. உள்ளே தணிந்த குரலில் பேச்சு. இதோ அகப்பட்டாள் என்று கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஆம்பளை யாரும் இல்லை. மேஜைமேல் வெள்ளைத்துணி விரித்து, ஒரு சாசரில் ரொட்டித்துண்டும், பக்கத்தில் சின்னப் புட்டியிலிருந்து ரசம் ஊற்றிய அந்தக் கிண்ணமும் இருந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் முழங்காலில் இருந்தவள் பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

பாட்டு டீச்சர்.

இவளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சபைப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள், கோயிலில் பாடகர் குழுவை நடத்தியவள். சில மாதங்களுக்கு முன் ஒரு மூப்பர் தன்னைப் பாடகர் அங்கிகள் வைக்கும் அறையில் அடைத்து, தொடக் கூடாத விதமாகத் தொட்டார் என்று புகார் சொன்னாள். மூப்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள். பொய்ப் புகார் என்று தீர்ப்பானது. மன்னிப்புக் கேட்கும் வரை அவளுக்குத் திருவிருந்து கிடையாது, பாட்டும் கிடையாது.

எந்த மூப்பர் என்பதைச் சபையின் மானம் கருதிக் காதும் காதும் வைத்த மாதிரி அமுக்கிவிட்டார்கள். ஆனால் தையலக்காவுக்குத் தெரியும். புருஷன் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்: லாரி மூப்பர். லாரிகள் ஓட்டிச் சம்பாதித்த அந்தப் பெரிய மனிதரை அன்றிலிருந்து தையலக்கா ஓரக்கண்ணால்தான் பார்த்தாள்.

"இவங்கள ஏம்மா கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் பாட்டு டீச்சர்.

"நான் கூட்டிட்டு வரல," என்றாள் போதகரம்மா.

"ஆமா, நானாத்தான் வந்தேன்." தையலக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "பல் டாக்டர் இவதானா? சபை தள்ளி வெச்சவளுக்குத் திருவிருந்தை ஒளிச்சு எடுத்துட்டு வந்து குடுக்கறே. தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி."

"குடுக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. பந்தி ஆண்டவரோடது. ஊரே கல்லெறிய நின்னப்போ ஒரு பொண்ணுக்குப் பக்கத்துல நின்னவர் அவர். அவர் உக்காரச் சொன்ன இடத்துலேருந்து ஒருத்திய எழுப்பி அனுப்ப நாம யாரு? எடுத்துட்டுத்தான் வந்தேன், திருடல. கழுவித் திருப்பி வெச்சிடறேன்."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

"இன்னைக்கு இதுவும் கடைசி. சாயங்காலம் கூடி சபையிலேருந்து இவ பேரை எடுக்கப் போறாங்க. பேர் போச்சுன்னா பள்ளிக்கூட வேலையும் போச்சு. பொய் சொன்னவன்னு முத்திரை குத்தி அனுப்பினா வேற எங்க இவளுக்கு வேலை குடுப்பாங்க?"

தையலக்காவுக்குக் கொஞ்சம் மனசு இளகியது. இரக்கத்தைவிட, தன் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆவல்தான் அதில் அதிகம். "இந்தாம்மா, லாரி மூப்பர் நிஜமாவே அப்படி நடந்துக்கிட்டாருன்னா எங்கிட்ட சொல்லேன். நானும் அந்த ஆளை நோட்டம் விட்டுட்டுத்தான் இருக்கேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லாரி மூப்பரா?" என்றாள் பாட்டு டீச்சர். "பாவம், அவர் என்ன பண்ணினார்?"

"அவர் இல்லையா? அப்ப யாரு?"

கீழே டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள்.

"யாருன்னு கேக்கறேன்ல. வாயைத் திறங்க ரெண்டு பேரும்!"

"அண்ணி," என்றாள் போதகரம்மா, "நீங்க கொஞ்சம் உக்காருங்க."

உட்காரச் சொன்னபோதே தையலக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

"பொய்!" என்று கத்தினாள். "ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துக்கிட்டு என் குடும்பத்தைக் கெடுக்கப் பார்க்கறீங்க. அவர் ஜெபம் பண்ணாம ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டார். தெரியுமா?"

"நீங்க நம்ப வேண்டாம் அக்கா," என்றாள் பாட்டு டீச்சர். "அவங்களும்தான் நம்பல. கண்ணாடி போடாதவ ஆளை எப்படி அடையாளம் கண்டேன்னு கேட்டுச் சிரிச்சாங்க."

போகத் திரும்பிய தையலக்கா நின்றாள். பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. "அன்னைக்குக் கண்ணாடி ஏன் போடல?"

பாட்டு டீச்சர் தரையைப் பார்த்துச் சொன்னாள். அங்கி அறையில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வந்தார். கண்ணாடி கோணலாக இருக்கிறதே, நேராக்கித் தருகிறேன் என்று அவரே கழற்றினார். கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"கண்ணாடி இல்லைன்னா எனக்கு எதிர்ல நிக்கறது ஆளா அலமாரியான்னே தெரியாது. தாழ்ப்பாள் எங்க இருக்குன்னு சுவரைத் தடவினேன். அவர் கை…" நிறுத்தினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "தொங்கின அங்கியெல்லாம் இழுத்து அவர் மேல தள்ளிட்டு ஓடி வந்தேன். கண்ணாடி அவர்கிட்டயே போச்சு. இப்ப போட்டிருக்கற இது ஸ்கூல்ல படிக்கும்போது வாங்கினது."

"கூட்டத்துல அவர் என்ன சொன்னார்?"

"என் கண்ணாடியை அவர் கண்ணாலயே பார்க்கலையாம்."

அந்த ஞாயிறு தையலக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. துவைக்கப் போடுகிற சட்டையின் பையைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளைக் கண்ணாடி வந்தது. காதில் மாட்டுகிற கம்பியைப் பிடிக்கிற மரை கழன்று, அந்த இடத்தில் நூல் சுற்றியிருந்தது. இது பாட்டு டீச்சரோடதாச்சே என்று கேட்டாள். மரை போடக் குடுத்தா என்று அவர் சாவகாசமாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். பால் பாக்கெட்டைக்கூடச் சந்தேகப்படுகிறவள், அன்று இதைச் சந்தேகப்படவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் பையில் கண்ணாடி இருப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"உன் கண்ணாடிக் கம்பியில ஏதாவது சுத்தியிருந்துதா?" என்று கேட்டாள்.

"நூல் அக்கா. நீலம். அங்கிக்கு அளவெடுக்க வந்தப்போ நீங்கதானே சுத்திக் குடுத்தீங்க?"

தையலக்கா படியிறங்கினாள். போதகரம்மா பின்னாலேயே வந்து கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. ஆயுசில் முதல் தடவையாக, தன் சந்தேகம் தப்பாக இருக்க வேண்டும் ஆண்டவரே என்று தெருவில் நடந்துகொண்டே ஜெபம் செய்தாள். அவர் ஏதாவது காரணம் சொல்லட்டும். எவ்வளவு மொண்ணையான காரணமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று சொல்லட்டும்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். ஆமென் சொல்லும்வரை தையலக்கா காத்திருந்தாள்.

"எங்கே போயிட்டே? எவ்வளவு நேரம் காத்திருக்கறது?"

"சும்மா, காத்தாட." தட்டில் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். "ஏங்க, அந்தப் பாட்டு டீச்சர் கண்ணாடிக்கு மரை போடக் குடுத்தாளே, திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாளா?"

அவர் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. கண நேரம்தான். பிறகு சாப்பிட ஆரம்பித்தார்.

"எந்தக் கண்ணாடி?"

"உங்க சட்டைப் பையில இருந்துச்சே. நூல் சுத்தினது."

"அவ எங்கிட்ட ஒண்ணும் குடுக்கலையே. வேற யாரோடதையாவது பார்த்திருப்பே."

"நீங்கதானே அவளோடதுன்னு…"

"நான் எதுவும் சொல்லல." அவர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற அதே புன்னகை. "உனக்குத்தான் எல்லாத்துலயும் சந்தேகமாச்சே. ஊருக்கே தெரியும். நீ போய் எதையாவது உளறி வெச்சேன்னா எவன் நம்புவான்?"

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே," என்றாள் தையலக்கா.

அவர் தண்ணீர் குடித்தார். இந்தத் தடவை ஜெபம் செய்யவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு அவள் தோளைத் தொட்டார். "சாயங்காலம் கூட்டத்துக்கு நீ டீ கொண்டு வர வேண்டாம். உனக்குக் கால் வலி. வீட்டுல படுத்து ஓய்வெடு."

இத்தனை வருஷத்தில் அவள் கால் வலியை அவர் விசாரித்ததே இல்லை. அந்தக் கை பட்ட தோளைத் தையலக்கா முந்தானையால் துடைத்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே பாத்திரம் தேய்த்தாள். எப்படித் தன் கண்ணைக் கட்டினார் இந்த மனிதர் என்று நினைத்து நினைத்து ஆத்திரப்பட்டாள். அவருக்காக அல்ல, தனக்காகத்தான் அதிகமாக அழுதாள். வெளியே சொன்னால் இந்த வீடு என்ன ஆகும்? கடை வாசலில் நாலு பேர் நின்று என்ன பேசுவார்கள்? வாயை மூடிக்கொண்டால் எல்லாம் அப்படியே இருக்கும். டயர் கடை மாடியில் இருக்கிறவள் மட்டும் இருக்க மாட்டாள்.

சாயங்காலம் கோயில் பின்கட்டில் போதகரம்மா தனியாக டீ போட்டுக்கொண்டிருந்தபோது தையலக்கா உள்ளே வந்தாள்.

"அண்ணி! வர மாட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரே."

"தம்பிக்குத் தெரியுமா, ஆள் யாருன்னு?"

போதகரம்மா அடுப்பைத் தணித்தாள். "கூட்டத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும். உங்க மனசு தாங்காதுன்னுதான் அவர் உங்ககிட்ட மறைச்சார். எங்கிட்டயும்தான். எனக்கு அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரியும்."

"எனக்காகவா?"

"அப்படித்தான் இருக்கும்."

"என் மனசைக் காப்பாத்த இன்னொரு பொண்ணு மானத்தைத் தூக்கிக் குடுத்தானா? நான் கேட்டேனா அவன்கிட்ட?" தையலக்காவின் மூக்கு விடைத்தது. பிறகு சட்டென்று குரல் இறங்கியது. "உனக்கும் தெரியும். ஆனா நீயும் எங்கிட்ட சொல்லல."

"உங்க வீடாச்சே அண்ணி. எந்த வாயால சொல்றது?" போதகரம்மாவின் கண் கலங்கியது. "நீங்க இப்ப பேசாம இருந்தாலும் நான் உங்களைத் தப்பா நினைக்க மாட்டேன்."

"நீ நினைக்காட்டி என்ன? நான் நினைப்பேன்." டீத் தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

மூப்பர் கூட்டத்துக்கு டீ கொண்டு போவதில் ஒரு வழக்கம் உண்டு. கதவைத் தட்டிவிட்டு, வெளியே இருக்கிற ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். உள்ளே இருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொள்வார். பேசுகிறது பெண்கள் காதில் விழக் கூடாதாம். தையலக்கா தட்டவில்லை. கதவை முதுகால் தள்ளித் திறந்து, நேராகப் போய் நடு மேஜையில் தட்டை வைத்தாள்.

லாரி மூப்பரின் கண் டீக் கோப்பையில். புருஷன் கண் அவள்மேல்.

"அக்கா, வெளியே வெச்சிருக்கலாமே," என்றார் போதகர்.

தையலக்கா ஓரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் ஒரு பெண் உட்கார்ந்ததே இல்லை. நின்றது உண்டு. பாட்டு டீச்சர் நின்றாள்.

"அவளுக்கு மத்தியானத்துலேருந்து உடம்பு சரியில்ல," என்று கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். "நான் கூட்டிட்டுப் போறேன்."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தம்பி, காலைப் பிரசங்கம் நல்லா இருந்துச்சு. ஓடி வந்து சொன்ன பொம்பளைங்களை ஆம்பளைங்க நம்பலன்னு சொன்னே. நான் ஓடி வரல, முழங்கால் இடம் குடுக்கல. ஆனா நானும் ஒண்ணு பார்த்தேன். இன்னைக்கு ஒருத்தி பேரை எடுக்கறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுட்டு எடுங்க."

"பொம்பளைங்க இதுல எல்லாம்…" என்று ஆரம்பித்தார் லாரி மூப்பர்.

"மூப்பரே, முதல்ல உங்ககிட்டதான் மன்னிப்புக் கேட்கணும். அந்தப் பொண்ணு சொன்ன ஆள் நீங்கன்னு இத்தனை நாளா நினைச்சிட்டு இருந்தேன்."

"நானா?" லாரி மூப்பர் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்தப் பய சொன்னான்?"

தையலக்கா புருஷனைப் பார்த்தாள். லாரி மூப்பரின் பெரிய கழுத்தும் அந்தப் பக்கம் மெதுவாகத் திரும்பியது.

"மூப்பரே, அவ பேச்சைக் கேட்டுக்கிட்டு… அவ எதைத்தான் சந்தேகப்படல? போன மாசம் உங்களைச் சந்தேகப்பட்டா, இந்த மாசம் என்னை!" கண்ணாடிக்கடைக்காரர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

"இது சந்தேகம் இல்லைங்க," என்றாள் தையலக்கா. "சந்தேகப்படாம விட்டது. தம்பி, அன்னைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில பாட்டு டீச்சர் கண்ணாடி இருந்துச்சு. பார்க்கவே இல்லைன்னு உங்ககிட்ட சொன்னாராமே, அந்தக் கண்ணாடி. கம்பியில நீல நூல் சுத்தியிருந்துச்சு. சுத்தினது நான். பாடகர் அங்கிக்குத் தைச்ச அதே நூல்."

போதகர் அத்தானைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். "நீயே பார்த்தியா அக்கா? உன் கண்ணால?"

"என் கையால எடுத்தேன் தம்பி."

யாரும் டீயைத் தொடவில்லை. கதவுக்கு வெளியே போதகரம்மா நிற்பது தையலக்காவுக்குத் தெரிந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "போதும். எழுந்திரு. வீட்டுக்குப் போ."

"போறேங்க," என்றாள் தையலக்கா. "முழுசா சொல்லிட்டுப் போறேன்."

எந்த வீட்டுக்கு என்பதை மட்டும் அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.